கலானஸைப் பிரித்தறிய அளவுகோல் போதுமா, டிஎன்ஏ வேண்டுமா?

ஆர்க்டிக் கடல் மாதிரியில் இருக்கும் கலானஸ் கோபிபாட்களை எந்த முறையில் பிரிப்பது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாதிரியை எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள், ஃபார்மலினா எத்தனாலா? முறைகளை ஒப்பிட்டு முடிவெடுக்கலாம் என்று நாம் மேசையில் உட்காரும் நேரத்தில் பாதி முடிவு ஏற்கெனவே படகிலேயே, குப்பியில் எதை ஊற்றினார்கள் என்பதிலேயே முடிந்துபோயிருக்கும்: ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும், எத்தனால் காப்பாற்றும். இதைப் பெரும்பாலும் கடைசியில்தான் சொல்கிறார்கள், அதனால் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கலானஸைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இறாலும் நண்டும் சேர்ந்த கிரஸ்டேசியன் கூட்டத்தில் கோபிபாட் ஒரு பெரிய பிரிவு. கடலில் மிதந்து திரியும் விலங்குப் பிளாங்க்டனில் பல இடங்களில் எண்ணிக்கையில் இவைதான் முதலிடம். அதில் கலானஸ் என்ற பேரினம் வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும் ராஜாங்கம் நடத்துகிறது. முழுதாக வளர்ந்தாலும் சில மில்லிமீட்டர்தான், ஆனால் அந்தச் சின்ன உடலுக்குள் ஒரு பை நிறைய கொழுப்பு. வசந்தத்திலும் கோடையிலும் பாசியைத் தின்று சேர்த்த அந்தக் கொழுப்பை வைத்துக்கொண்டுதான் குளிர்காலம் முழுக்க ஆழத்தில் அசையாமல் கிடக்கும். மீன்களும் பறவைகளும் திமிங்கிலங்களும் தேடி வருவதும் அந்தக் கொழுப்புக்காகத்தான்.

நமக்கு வேண்டிய சிற்றினங்கள் நான்கு. அட்லாண்டிக் நீரோடு வரும் ஃபின்மார்க்கிகஸ், ஆர்க்டிக்கின் ஆழம் குறைந்த கரையோரக் கடல்களைச் சேர்ந்த கிளாசியாலிஸ், ஆழமான ஆர்க்டிக்கின் ஹைபர்போரியஸ், தெற்கே வடகடல் பக்கத்து ஹெல்கோலாண்டிகஸ். ஹைபர்போரியஸ் தொல்லை தருவதில்லை. அது பெரியது, வளர்ந்த நிலைகளில் மார்பின் கடைசித் துண்டின் ஓரத்தில் கூரான முள் இருக்கும், பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஹெல்கோலாண்டிகஸுக்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். தலைவலி முழுக்க ஃபின்மார்க்கிகஸுக்கும் கிளாசியாலிஸுக்கும் நடுவில்தான்.

இந்தத் தலைவலி நேற்று வந்ததில்லை. ஃபின்மார்க்கிகஸுக்குப் பெயர் வைத்தவர் 18ஆம் நூற்றாண்டில் ட்ரோன்ஹைமில் பிஷப்பாக இருந்த யோஹான் எர்ன்ஸ்ட் குன்னரஸ். பெயரில் இருப்பது ஃபின்மார்க் (1980களில் ஈழத்தமிழர் பலர் மீன் ஆலை வேலைக்குப் போய்ச் சேர்ந்த அதே வடகோடி நார்வேதான்). கிளாசியாலிஸைத் தனிச் சிற்றினமாக விவரித்தவர் ரஷ்யரான யாஷ்னோவ், அதுவும் 1955இல்தான். அதுவரை ஆர்க்டிக்கில் பிடிபட்டதெல்லாம் ஃபின்மார்க்கிகஸின் பெரிய உருவம், சின்ன உருவம் என்ற கணக்கில்தான் போயிருக்கிறது. ஆக, அதற்கு முந்தைய பதிவுகளில் ஃபின்மார்க்கிகஸ் என்று எழுதியிருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

தமிழில் எழுதும் எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், இந்த இரண்டும் கலந்து கிடக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று கோங்ஸ்ஃபியோர்ட், அதாவது நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் நிலத்துக்குள் நீண்டு நுழையும் ஒரு கடல்கழி (ஃபியோர்ட்). 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருப்பது அதன் கரையில்தான். 2014இல் அந்த ஃபியோர்டுக்குள் இறக்கிய இன்டார்க் கருவித் தொகுப்பில் சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்கு உண்டு. நம் பக்கத்து மாணவர்கள் கைக்கு இந்தக் குப்பிகள் வருகின்றன, இனியும் வரும்.

சரி, முறைகளுக்கு வருவோம்.

முதல் முறை, அளவுகோல். மைக்ரோஸ்கோப்பில் கண்வில்லை அளவுகோலைப் பொருத்தி, வால் பகுதியை விட்டுவிட்டு உடலின் முன்பகுதியை, அதாவது புரோசோமை, அளப்பது. கலானஸ் முட்டையிலிருந்து வந்தபின் ஆறு நாப்ளியஸ் (குஞ்சுப் பருவ) நிலைகளையும், அடுத்து ஐந்து கோபிபோடைட் (இளம்பருவ) நிலைகளையும் தாண்டித்தான் முதிர்ச்சி அடைகிறது, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வெட்டுக்கோடு வைத்துக்கொள்வார்கள். ஐந்தாம் கோபிபோடைட் நிலையில் ஸ்வால்பார்ட், பேரண்ட்ஸ் கடல் பக்கம் பரவலாகப் பயன்படுவது 2.9 மில்லிமீட்டர்: அதற்குக் கீழே ஃபின்மார்க்கிகஸ், மேலே கிளாசியாலிஸ். இந்த முறையின் பலங்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. செலவு கிடையாது, ஃபார்மலினில் கிடந்த ஐம்பது வருடப் பழைய மாதிரியிலும் செய்யலாம், ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் அளக்கலாம், வளர்ச்சி நிலையும் எண்ணிக்கையும் கூடவே கிடைத்துவிடும். ஆர்க்டிக் பிளாங்க்டன் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படி அளந்து வந்ததுதான்.

ஆனால் உயரத்தைப் பார்த்து அண்ணன் யார் தம்பி யார் என்று சொல்வது எவ்வளவு சரியோ அவ்வளவுதான் இதுவும் சரி. குளிர்ந்த நீரில் வளரும் கோபிபாட் மெதுவாக வளர்ந்து பெரிதாகும், வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் முதிர்ந்து சின்னதாக நின்றுவிடும், இரண்டு சிற்றினங்களுக்கும் இதே விதி. அதனால் இரண்டின் நீள அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஒரு இடத்தில் ஓரளவு வேலை செய்யும் வெட்டுக்கோடு பக்கத்து ஃபியோர்டிலேயே தப்பாகிவிடும். 2012இல் ஸ்வால்பார்ட் மாதிரிகளை டிஎன்ஏவோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தவறான அடையாளங்கள் கணிசமாக இருப்பதைக் காட்டினார்கள். 2018இல் இன்னும் விரிவாக, பல கடல்களிலிருந்து எடுத்துப் பார்த்த ஆய்விலும் இதே கதை. பெரும்பாலும் பிழை ஒரே பக்கமாகச் சாய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது: சின்ன கிளாசியாலிஸ் ஃபின்மார்க்கிகஸ் கணக்கில் போய் விழுகிறது.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்றால், ஃபின்மார்க்கிகஸ் கூடினால் அட்லாண்டிக் நீர் உள்ளே வருகிறது என்றும், கிளாசியாலிஸ் குறைந்தால் ஆர்க்டிக் சூழல் பின்வாங்குகிறது என்றும் படிப்பது வழக்கம். இப்போது நீரின் வெப்பம் மட்டும் கூடுகிறது, சிற்றினங்களின் விகிதம் மாறவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாசியாலிஸ் கொஞ்சம் சின்னதாக வளரும், 2.9 கோட்டுக்குக் கீழே இறங்கும், நம் நோட்டுப் புத்தகத்தில் ஃபின்மார்க்கிகஸ் கூடிவிடும். எதைக் கண்டுபிடிக்கப் போனோமோ அதையே நம் அளவுகோல் தயாரித்துக் கொடுத்துவிடும். வெப்பமாதல் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு ஆதாரங்கள் ஏராளம். காலநிலை மாற்றத்துக்கு நீளத்தை மட்டும் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது, நிறம். இது எனக்குப் பிடித்த முறை, நம்பிக்கை இல்லாவிட்டாலும். உயிரோடு இருக்கும் கிளாசியாலிஸ் பெண்ணில் உணர்கொம்புகளும் இனப்பெருக்கத் துண்டும் சிவந்திருக்கும், ஃபின்மார்க்கிகஸ் பெண்ணில் அவை வெளிறியிருக்கும். கிரீன்லாந்தின் டிஸ்கோ விரிகுடாவில் இதைச் சோதித்து டிஎன்ஏவோடு ஒத்துப்போகிறது என்று 2014இல் எழுதினார்கள். முட்டையிடும் வேகத்தை அளக்கும் சோதனை செய்பவர்களுக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் அவர்களுக்கு விலங்கு உயிரோடு வேண்டும், அதே இரவு பிரித்து வைக்க வேண்டும், டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை முடியும்வரை காத்திருக்க முடியாது. கொல்லாமல் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் எச்சரிக்கையும் வரும். அது அஸ்டாசாந்தின் என்ற கரோட்டினாய்டு, மூலச்சரக்கு தின்னும் பாசியிலிருந்து வருகிறது. உணவு மாறினால், பருவம் மாறினால், இடம் மாறினால் நிறமும் மாற வாய்ப்பிருக்கிறது. 2018 ஆய்வு டிஸ்கோவுக்கு வெளியே போய்ப் பார்த்தபோது இந்த அடையாளம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. அதோடு எத்தனாலிலோ ஃபார்மலினிலோ போட்டால் சிவப்பு போய்விடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் இடத்தில் முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருந்தால் நிறத்தைப் பயன்படுத்துங்கள். யாரோ வேறொரு விரிகுடாவில் சோதித்தார்கள் என்பதை வைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாவது, ஐந்தாம் நீந்துகால். பழைய வகைப்பாட்டியலாளர்களின் கோட்டை இதுதான். காலைக் கழற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, அடித்துண்டின் உள்விளிம்பில் இருக்கும் பல்வரிசையைப் பார்க்க வேண்டும். வரிசை நேராகப் போனால் ஃபின்மார்க்கிகஸ், உள்பக்கமாக வளைந்தால் ஹெல்கோலாண்டிகஸ். வடகடலில், நார்வேயின் தென்கரையில் வேலை செய்பவர்களுக்கு இது போதும். 1931இல் தொடங்கி இன்றுவரை சரக்குக் கப்பல்களின் பின்னால் கருவியை இழுத்துப் பிளாங்க்டன் சேகரிக்கும் பிரிட்டிஷ் தொடர் பதிவுத் திட்டம் இந்த இரண்டையும் 1958இலிருந்து தனித்தனியாக எண்ணுகிறது. வெப்பநீர்க் கோபிபாட்கள் வடகிழக்கு அட்லாண்டிக்கில் சுமார் 10 பாகை அட்சரேகை வடக்கே நகர்ந்துவிட்டன என்று 2002இல் வந்த புகழ்பெற்ற முடிவு அந்தத் திட்டத்தின் மாதிரிகளிலிருந்து வந்ததுதான். ஆனால் ஃபின்மார்க்கிகஸா கிளாசியாலிஸா என்ற கேள்விக்கு இதே காலை நம்பினால் ஏமாற்றம்தான், பற்களும் வளைவும் இரண்டிலும் கலந்து வருகின்றன. நேரமும் ஏகமாக எடுக்கும், கையில் கால் உடையும். நாப்ளியஸ், முட்டை எல்லாவற்றுக்கும் உடலமைப்பு எந்த வகையிலும் உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மரபணு வழிகள். இதில் ஒன்றல்ல, பல இருக்கின்றன, எல்லாவற்றையும் டிஎன்ஏ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள், அதில்தான் குழப்பம்.

பழையது, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் 16எஸ் மரபணுத் துண்டைப் பெருக்கி, நொதியால் வெட்டி, துண்டுகள் ஜெல்லில் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது, 1990களின் இறுதியில் வந்தது. எந்த வளர்ச்சி நிலைக்கும் பொருந்தும், வரிசைப்படுத்தும் இயந்திரம் தேவையில்லை. அடுத்து எல்லாருக்கும் தெரிந்த பார்கோடிங், மைட்டோகாண்ட்ரியாவின் இன்னொரு மரபணுவான சிஓஐயில் சுமார் 650 எழுத்துகளைப் படித்துத் தரவுத்தளத்தில் ஒப்பிடுவது. புதிதாக ஏதோ வந்திருக்கிறது, கலானஸா என்றே சந்தேகம் என்றால் இதுதான் சரி. கோபிபாட்களில் பொதுவான பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) சில சமயம் ஒட்டாமல் படுத்தும், பொறுமை வேண்டும். தரவுத்தளத்தில் இருக்கும் வரிசைக்கே யாராவது நீளத்தை வைத்துப் பெயர் போட்டிருந்தால் உங்கள் விடையும் தப்பாகும், ஒரே ஒரு பொருத்தத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவது என்பதால் இந்த இரண்டு முறைகளுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. தாய் கிளாசியாலிஸ், தந்தை ஃபின்மார்க்கிகஸ் என்று ஒரு கலப்பினம் இருந்தால், மைட்டோகாண்ட்ரியா அதைச் சுத்தமான கிளாசியாலிஸ் என்றுதான் சொல்லும். இது வெறும் தத்துவச் சந்தேகம் இல்லை. இரண்டும் கலந்து இனம் பெருக்குகின்றன என்று 2012இல் கனடா பக்கத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது.

அங்கேதான் இன்டெல் (செருகல்-நீக்கல்) குறிகள் வருகின்றன. செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரு சிற்றினத்துக்குச் சில எழுத்துகள் கூடுதலாக இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. பிசிஆர் செய்தால் துண்டின் நீளமே விடையைச் சொல்லிவிடும், எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டாம். 2014இல் இதைக் கலானஸுக்காக உருவாக்கியவர்கள் நான்கு சிற்றினங்களையும் பிரிக்கும்படி செய்தார்கள். குறிகளில் சிலவற்றைச் சாதாரண அகரோஸ் ஜெல்லிலேயே படிக்கலாம், நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் சாமான்களே போதும். தாய் தந்தை இருவரின் பங்கும் தெரிவதால் கலப்பினம் இருந்தால் மாட்டிக்கொள்ளும். பிறகு பெரிய அளவில் பார்த்தபோது கலப்பினம் எதுவும் மாட்டவில்லை என்பது வேறு விஷயம். இன்னொரு வசதி, ஒரு உணர்கொம்பைக் கிள்ளிக் காரக் கரைசலில் சுடவைத்தாலே போதுமான டிஎன்ஏ வந்துவிடும். மீதி உடல் முழுதாக உங்களிடமே இருக்கும், நீளம் அளக்கலாம், சாட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறிகளை வைத்துத்தான் 2017இல் இந்தச் சிற்றினங்களின் பரவல் வரைபடத்தையே திருத்தினார்கள். கிளாசியாலிஸ் ஆர்க்டிக் விலங்கு என்று எல்லாரும் நினைத்திருக்க, அது நார்வே கரையோர ஃபியோர்டுகளுக்குள் வெகு தெற்கேயும் குடியிருப்பது தெரிந்தது. அங்கே அது சின்னதாக இருந்ததால் அதுவரை கண்ணில் படவே இல்லை.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மெட்டாபார்கோடிங், அதாவது மாதிரி முழுவதையும் அரைத்து மொத்தமாகப் படிப்பது, யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், எத்தனை பேர், எந்த வளர்ச்சி நிலை என்று சொல்லாது. அதிலும் 18எஸ் மரபணுவைத் தேர்ந்தெடுத்தால் கலானஸ் சிற்றினங்களுக்குள் வித்தியாசமே தெரியாது, சிஓஐ எடுங்கள். புரதக் கைரேகை பார்க்கும் மால்டி-டாஃப் இயந்திரம், பெரிய மருத்துவமனைகளில் பாக்டீரியா கண்டுபிடிக்க வைத்திருக்கிறார்களே அதே வகைதான், ஒரு விலங்குக்கு ஆகும் செலவும் நேரமும் குறைவு. ஆனால் முதலில் ஒப்பிடுவதற்கான நூலகத்தை டிஎன்ஏவால் உறுதிசெய்த விலங்குகளை வைத்துக் கட்ட வேண்டும். ஸூஸ்கேன் போன்ற படமெடுக்கும் கருவிகள் எண்ணவும் அளக்கவும் அருமை, ஆனால் மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைப் படத்தில் மட்டும் எங்கிருந்து கொண்டுவரும்?

இப்போது யாருக்கு எது என்று என் கருத்து.

கரையிலிருந்து வெகுதூரம் போய் நார்வீஜியன் கடலின் நடுவில் எடுத்த மாதிரி என்றால் அலட்டிக்கொள்ள வேண்டாம், அங்கே கிட்டத்தட்ட எல்லாம் ஃபின்மார்க்கிகஸ்தான், நீளமும் நிலையும் அளந்துவிட்டுப் போகலாம். வடகடல் என்றால் ஐந்தாம் காலைப் பழகிக்கொள்ளுங்கள். கோங்ஸ்ஃபியோர்ட், பேரண்ட்ஸ் கடல், கிரீன்லாந்துக் கரை, நார்வே ஃபியோர்டு இவற்றில் எது என்றாலும் இன்டெல் இல்லாமல் சிற்றினப் பெயர் எழுதாதீர்கள். எல்லா விலங்கையும் சோதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது யாராலும் ஆகாது. ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு பருவத்திலும், ஒவ்வொரு வளர்ச்சி நிலையிலும் ஒரு பகுதியை எடுத்து முதலில் நீளம் அளந்து, பிறகு அதே விலங்கின் உணர்கொம்பில் இன்டெல் பாருங்கள். அந்த விகிதத்தை வைத்து மீதி எண்ணிக்கையைப் பிரியுங்கள், எவ்வளவு நிச்சயமின்மை என்பதையும் கூடவே எழுதுங்கள். இரண்டு வருடம் பார்த்துவிட்டு உங்கள் இடத்தில் 2.9 கோடு நன்றாகவே பிரிக்கிறது என்று தெரிந்தால் நல்லது, ஆனால் அது உங்கள் தரவு சொன்னதாக இருக்கட்டும்.

உயிரோடு வைத்துச் சோதனை செய்பவர்கள் நிறத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் எண்ணிட்ட தனிக் கிண்ணத்தில் விடுங்கள், சோதனை முடிந்ததும் அதே எண்ணோடு எத்தனாலில் போட்டு இன்டெல் பாருங்கள். தப்பாகப் பிரித்ததைப் பிறகு பட்டியலில் இடம் மாற்றிக்கொள்ளலாம், முட்டை எண்ணிக்கை வீணாகாது.

பறவைகளின் உணவு பார்ப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. ஸ்வால்பார்டில் கூடு கட்டும் சின்ன ஆக் பறவை, பெரியதும் கொழுப்பு மிகுந்ததுமான கிளாசியாலிஸைத்தான் குஞ்சுக்கு விரும்பி எடுத்துவருகிறது என்று ஆய்வுகள் உண்டு. பறவைக்குப் பெயரைவிட அளவும் கொழுப்பும்தான் முக்கியம் என்பது என் எண்ணம். அதனால் அங்கே நீளத்தை அளப்பதே நேரடியான தகவல், சிற்றினப் பெயர் அதற்குப் பிறகு.

பழைய ஃபார்மலின் மாதிரிகள்தான் பெரிய சங்கடம். ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து, துண்டு துண்டாக்கிவிடும். முயன்று பார்க்கலாம், ஆனால் ஒரு மாணவரின் ஆய்வேட்டை அதன்மேல் கட்டச் சொல்ல மாட்டேன். ஹைபர்போரியஸைத் தனியாகப் பிரியுங்கள், மற்ற இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காக எழுதி, நீளங்களின் முழுப் பரவலையும் அப்படியே பின்னிணைப்பில் கொடுங்கள். பிறகு யாராவது நல்ல திருத்தக் கணக்கோடு வந்தால் உங்கள் எண்கள் பயன்படும், பெயரை மட்டும் எழுதி வைத்தால் பயன்படாது.

இனிமேல்தான் கடலுக்குப் போகப்போகிறீர்கள் என்றால் கையோடு ஒரு ஃபோல்சம் பிரிப்பானை எடுத்துப்போங்கள். வலை மேலே வந்ததும் மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 4 சதவீத ஃபார்மலினிலும், மறுபாதியைத் தண்ணீர் நன்றாக வடித்துவிட்டு 95 சதவீத எத்தனாலிலும் போடுங்கள். பிளாங்க்டன் உடம்பில் நிறைய நீர் இருக்கும், எத்தனால் நீர்த்துப்போய்விடும், அதனால் ஒரு நாள் கழித்துப் புது எத்தனால் மாற்ற வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். எத்தனாலில் விலங்குகள் விறைத்து உணர்கொம்பு எளிதில் ஒடியும், குப்பியைக் குலுக்காதீர்கள். விமானத்தில் அனுப்புவதாக இருந்தால் எத்தனால் எளிதில் தீப்பற்றும் சரக்கு என்ற கணக்கில் வரும், காகித வேலைகளை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.